வெயில் கொளுத்துகிறது, கரண்ட் இல்லை

ஸ்ரீரங்கத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால், வர மாலை நாலு மணி ஆகிவிடும். சித்திரை வீதி மொட்டை மாடிகளில் வெயில் கொளுத்தும் நேரம் அது. சோலார் பேனல் போட்ட வீட்டிலும் அப்போது ஃபேன் ஓடாது. ஏமாந்துவிட்டோமோ என்று பதறுகிறவர்கள் உண்டு. மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு வேண்டும், விலை கூடும். விற்பவர் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது. கேட்டால்தான் சொல்கிறார்கள்.

ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் அடங்குகிற வீட்டுக்கு சோலாரில் அவசரமில்லை என்பேன். ஏசி ஓடி 600, 700 யூனிட் ஏறும் வீட்டுக்குத்தான் கணக்கு கட்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் முதலில் ஒரு பொறியாளரை மாடியேற்றுங்கள். தளம் பாரம் தாங்க வேண்டும், ஆடிக்காற்றில் பேனல் அசையக்கூடாது, போல்ட் போட்ட துளையில் ஐப்பசி மழை இறங்கக்கூடாது.

2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பதிவு பெற்ற நிறுவனம், இந்தியாவில் தயாரான பேனல், இரண்டும் கட்டாயம். மானியம் வேலை முடிந்தபின் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ஆகவே "முன்பணம் கட்டினால் மானியம் வாங்கித் தருகிறேன்" என்று போனில் ஓடிபி கேட்பவன் திருடன். மனை கோயிலுக்குச் சொந்தமா என்ற அடிமனைச் சிக்கலால் பத்திரத்தை அடமானம் வைக்க முடியாத ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி: 3 கிலோவாட் வரை, 2 லட்ச ரூபாய்க் கடனுக்கு இத்திட்டத்தில் அடமானம் கேட்பதில்லை.

10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்தை, சாத்தியக்கூறு ஆய்வு வேண்டும் என்று சொல்லி மின்வாரியம் கிடப்பில் போட முடியாது. 2024இல் திருத்திய மத்திய அரசு விதி அது. மீட்டர் மாற்ற இழுத்தடித்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. அங்கும் நகராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின்குறை தீர்ப்பாளர்.

போட்டுவிட்டுப் போன நிறுவனம் போனை எடுக்காவிட்டால்? 5 ஆண்டுப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் ஆணையம் காகிதத்தைத்தான் கேட்கும். ஜிஎஸ்டி பில், ஒப்பந்தம், வாரண்டி அட்டை, ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் தெரிகிற போட்டோ. அந்த எண் சிலவற்றில் பின்பக்கம் இருக்கும். பேனலைச் சட்டத்தில் முடுக்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.