உரசியது ஒரு பம்பர், கேட்பது 46,800 ரூபாய்: எதுவரை நம் பொறுப்பு?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட் தாள். இரண்டு நாட்களுக்கு முன் சிக்னலில் நின்றுகொண்டிருந்த ஒரு காரின் பின்புறம் அவருடைய கார் மெதுவாக மோதிவிட்டது. பிரேக்கிலிருந்து கால் நழுவியதுதான் காரணம். யாருக்கும் காயமில்லை. முன்னால் நின்ற காரின் பம்பர் ஓரத்தில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். ஆனால் தாளின் அடியில் இருந்த தொகை 46,800 ரூபாய். நாளை மாலைக்குள் பணம் வராவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று கார்க்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி தன் வளையலைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஹஜ்ரத், மோதியது நான்தான். இதைக் கொடுப்பது என் மீது கடமையா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. 'எப்படித் தப்பிக்கலாம்' என்று அவர் கேட்கவில்லை. நாம் சொன்ன பதில் இதுதான்: நீங்கள் உடைத்தது உங்கள் மீது கடமை. நீங்கள் உடைக்காதது கடமையல்ல. எது எது என்று தெரிந்துகொள்வதுதான் இப்போது உங்கள் வேலை.

கிண்ணத்துக்குக் கிண்ணம்

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் உணவு வந்த ஒரு கிண்ணம் உடைக்கப்பட்ட நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியிருக்கிறது. உடைந்த கிண்ணத்தை அங்கேயே வைத்துக்கொண்டு, உடையாத ஒரு கிண்ணத்தை உரியவருக்கு அனுப்பிவைத்தார்கள். இழப்பீட்டைப் பற்றிய பாடம் அதில் முழுமையாக இருக்கிறது. வேண்டுமென்று செய்தாலும் தவறிச் செய்தாலும் பிறர் பொருளுக்கு ஈடு உண்டு. அந்த ஈடு இழந்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு கிண்ணம் உடைந்ததற்காக யாரும் அடுக்களை முழுவதற்கும் விலை கேட்க முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. கோருகிறவரே ஆதாரம் காட்ட வேண்டும். கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதென்றால் யாருடைய சொத்தும் மிஞ்சாது என்ற கருத்தில் நபிமொழியே இருக்கிறது. ஆகவே "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவோ ஏமாற்றுவேலையோ அல்ல.

எஸ்டிமேட்டைப் படிப்பது எப்படி?

அந்தத் தாளை விரித்து வைத்து வரிவரியாகப் பார்த்தோம். புதிய பின் பம்பர் 14,200. பம்பர் பெயிண்டிங் 5,500. இடதுபக்க டெய்ல் லேம்ப் 6,900. டிக்கி கதவு டிங்கரிங், பெயிண்டிங் 9,800. இடதுபக்கப் பாடிக்குப் பெயிண்டிங் 5,600. கிளிப், பிராக்கெட் 1,300. கழற்றி மாட்டும் கூலி 3,500.

சம்பவ இடத்தில் எடுத்த படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டோம். போனில் ஒன்றே ஒன்று இருந்தது. மோதல் பட்டது பம்பரின் வலது ஓரத்தில். படத்தில் இடது லேம்ப் முழுசாக இருந்தது. இடதுபக்கப் பாடியில் இருந்த கீறலில் துரு ஏறியிருந்தது. அன்று விழுந்த கீறலில் அன்றே துரு ஏறாது. டிக்கிக் கதவில் ஒடுக்கு எதுவும் தெரியவில்லை.

இப்படிப் பார்க்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஐந்து விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, இடமும் உயரமும். நம் காரில் அடி பட்ட உயரமும் அந்தக் காரில் அடி பட்ட உயரமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வலது ஓரத்தில் இடித்த கார் இடது லேம்பை உடைக்காது.

இரண்டாவது, பழைய சேதம். துரு, கீறலுக்குள் படிந்த அழுக்கு, வெயிலில் வெளுத்த பெயிண்ட் இவையெல்லாம் முன்பே நடந்ததைச் சொல்லும்.

மூன்றாவது, பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா? சாதாரணக் கீறலுக்கு ரப்பிங் பாலிஷோ பெயிண்டிங்கோ போதும். சிறு வெடிப்பை ஒட்டிச் சரிசெய்யவும் முடியும். ஆனால் பம்பரைத் தாங்கும் பகுதியே உடைந்திருந்தால் மாற்றுவதுதான் நியாயம்.

நான்காவது, இரட்டைக் கணக்கு. பம்பரைக் கழற்றி மாட்டும் கூலி ஒரு வரியிலும், அதே கூலி பெயிண்டிங்குக்குள் மறுபடியும் சேர்ந்திருக்கலாம். எந்தக் கூலி எந்த வேலைக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, எஸ்டிமேட் வேறு, பில் வேறு. எஸ்டிமேட் என்பது வெறும் மதிப்பீடு. அதைக் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொண்டு, வெளியில் குறைந்த செலவில் வேலையை முடிப்பவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. உள்ள பில் வந்த பிறகு, பணத்தை நேராக ஒர்க்‌ஷாப்புக்கே கட்டுவது இருவருக்கும் பாதுகாப்பு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். பிளாஸ்டிக் பம்பர் வெளியே சிறிதாக வெடித்திருந்தாலும் உள்ளே பிராக்கெட், ரிவர்ஸ் சென்சார், இரும்புத் தாங்கி ஆகியவை சேதமாகியிருக்கலாம். கழற்றினால்தான் தெரியும். அதனால் "இவ்வளவு சின்னக் கீறலுக்கா?" என்று முகத்தில் அடித்தாற்போலப் பேசிவிடக் கூடாது. "கழற்றும்போது நானும் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள்

காப்பீடு பற்றிய மார்க்க விவாதம் தனி. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. பிரீமியம் கட்டுகிறோம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பலரும் பார்ப்பதில்லை. தனியார் கார் பாலிசியில், பிறர் சொத்துக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கு வழக்கமாக 7,50,000 ரூபாய் வரை பொறுப்பு ஏற்கப்படுகிறது. பிரீமியத்தைக் குறைப்பதற்காக அந்த வரம்பை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களும் இருப்பார்கள். உங்கள் பாலிசியில் எது என்று இன்றே பாருங்கள்.

அதே பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது. மீறினால் கம்பெனி கைவிரிக்கலாம். இதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வது வேறு, ஒரு தொகைக்கு வாக்குக் கொடுப்பது வேறு. தெருவில் நின்றுகொண்டு "எவ்வளவானாலும் தருகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு ஏன் ரொக்கமே கேட்கிறது? அவருக்கு முழுக் காப்பீடு இருந்தால் அதிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒருமுறை கிளெய்ம் செய்தால், பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கைக்காசும் கொஞ்சம் போடவேண்டி வரும். இது அவருக்கு நியாயமான கவலைதான். ஆனால் நம்மிடம் ரொக்கமும் வாங்கி, இன்சூரன்ஸிலும் வாங்குவது இரட்டை வசூல். அப்படிச் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் என்றதும் பயம் வேண்டாம்

பிறர் சொத்து சேதமான விபத்தில், போலீஸ் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே ஓட்டுநரிடம் சொல்கிறது. அதை முதலில் நாமே செய்துவிட்டால் மிரட்டலுக்கு வலு இருக்காது. பம்பருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இல்லை. பேச்சில் முடியாவிட்டால், விபத்து நடந்து 6 மாதங்களுக்குள் அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கே அவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

பதிலை வாயால் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். அந்தத் தம்பிக்கு நாம் எழுதிக் கொடுத்தது இப்படித்தான் இருந்தது: "ஐயா, உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தேன். அன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். இடது லேம்ப், டிக்கி, இடதுபக்கப் பாடி ஆகியவை இந்த மோதலில் சேதமானதாகத் தெரியவில்லை. வண்டியைக் கழற்றும்போது நானும் வந்து பார்க்க விரும்புகிறேன். மோதலால் ஆன சேதம் எதுவோ அதைப் பில்லின்படி தீர்த்துக்கொள்வோம்." இன்சூரன்ஸ் மூலம் போவதானால், கடைசி வரிக்கு முன் கம்பெனியிடம் கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். பம்பரைத் தாங்கும் பகுதி உண்மையாகவே உடைந்திருந்தது. புதிய பம்பர்தான் போட வேண்டும் என்பதைத் தம்பி ஏற்றுக்கொண்டார். லேம்ப், டிக்கி, இடதுபக்கப் பாடி மூன்றையும் கார்க்காரர் விட்டுக்கொடுத்தார். வேலை குறைந்ததால் கூலியும் 3,500இலிருந்து 2,000 ஆனது. ஆக மொத்தம் 23,000 ரூபாய். சிறிய தொகையல்ல. ஆனாலும் கொடுக்கும்போது மனம் கசக்கவில்லை என்றார். வளையல் வீட்டிலேயே இருக்கிறது.

நம் வண்டியில் மற்றவர் இடித்தால்?

இதுவரை கொடுக்கிறவர் பக்கம் நின்று பேசினோம். நாளை நாமே கேட்கிறவர்களாக இருப்போம். "இதோடு சேர்த்துப் பழைய ஒடுக்கையும் எடுத்துவிடுங்கள், அவர்தானே கொடுக்கப்போகிறார்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் அந்தப் பணம் யாரோ ஒருவருடைய ஹக்கு. சாமர்த்தியமாகப் பேசி வழக்கில் வென்றவர், பிறர் உரிமையை எடுத்துக்கொண்டால் அவர் எடுப்பது நெருப்பின் ஒரு துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தீர்ப்பே நமக்குச் சாதகமாக வந்தாலும் ஹராம் ஹலாலாகிவிடாது என்பதே அதன் பொருள். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் எம்மாத்திரம்?

கொடுக்க வேண்டியதைக் குறைக்காமலும், கேட்கக் கூடாததைக் கேட்காமலும் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.