கல்லூரிக்குப் பெயர் மட்டும் போதுமா?

நம் தோட்டத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்க்கிறார்கள்? வீட்டாரை விசாரிக்கிறார்கள், பக்கத்து லயத்துக்காரர்களையும் மெல்லக் கேட்டு வைக்கிறார்கள். ஆனால் பிள்ளையை இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்படைக்கப் போகும் கல்லூரியைப் பற்றி, "பேர் எடுத்த கல்லூரியா?" என்ற ஒரே கேள்வியோடு நின்று விடுகிறோம்.

சென்ற தை மாதம் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஈசூன் என்பது பழைய நீ சூன்தான். அன்னாசி, ரப்பர்த் தோட்டங்களால் பெருஞ்செல்வரான லிம் நீ சூன் என்பவரின் பெயர் அது. இன்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே பால் மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது!

மருமகளுக்குச் சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்திருந்தது. சில நாட்களுக்குள் 12 விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரே வாக்குவாதம்.

"புள்ளி இருக்கும்போது எதற்கு அண்ணா பக்கத்துக் கல்லூரி? ஊரே மெச்சுகிற இடத்துக்குப் போகட்டுமே" என்றாள் தங்கை. மகளோ, "என் கூட்டாளி போற இடத்துக்குத்தான் நான் போவேன், மாமா" என்றாள்.

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டாளி வேறு வகுப்பில் விழுந்து விட்டால் என்ன செய்வது? தங்கை நம்பிய புள்ளிக் கணக்கோ, சென்ற ஆண்டு அங்கே கடைசியாக இடம் பெற்ற மாணவர் எத்தனை புள்ளி வாங்கினார் என்பதைத்தான் சொல்லும். அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லாது.

நான் இப்படிப் பேசக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன், பால் வெட்டுக்காரர் மகன், நல்ல மூளை. பெயர் பெற்ற ஒரு கல்லூரிக்கு விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து அனுப்பினேன். இடம் கிடைத்த அன்று தோட்டமே கொண்டாடியது. விடுதியில் மூத்தவர்கள் அவனை இரவில் எழுப்பிப் பாடச் சொன்னார்களாம், துணி துவைக்க வைத்தார்களாம். அவனோடு உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை. முதல் தவணை முடியுமுன் பெட்டியோடு திரும்பி வந்து விட்டான். அந்தக் கல்லூரியில் பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. அவன் தகப்பனார் இன்றும் என்னைக் கண்டால், "வாங்க சார்" என்றுதான் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பகடிவதை உயிரையே குடித்ததும் உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். அதன் பிறகே, 1997ல், தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் 2016ல், மூத்தவர்கள் புதியவர்களுக்கு நடத்திய வரவேற்பு விளையாட்டுகள் ஆபாசமாக இருப்பதாகப் புகார் எழவே, அவை நிறுத்தப்பட்டன.

சேர்க்கை என்பது கெடுப்பது மட்டுமல்ல. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஒரு காலத்தில் அறைத்தோழர்களைக் குலுக்கல்போலத்தான் சேர்த்து வைத்தார்கள். அதை ஆராய்ந்து புரூஸ் சாசர்டோட் என்ற பொருளாதார அறிஞர் 2001ல் எழுதினார். அறைத்தோழன் எப்படிப் படிக்கிறானோ, அதன் சாயல் மற்றவனின் மதிப்பெண்ணிலும் தெரிந்ததாம்.

பெயரும் நிலையானதல்ல. ஈசூன் தொடக்கக் கல்லூரி 1986ல் தொடங்கியது. பிறப்பு குறைந்து மாணவர் தொகை சுருங்கியதால், 2019ல் அது இன்னோவா தொடக்கக் கல்லூரியோடு இணைந்து ஈசூன் இன்னோவா ஆயிற்று. அவ்வாண்டில் எட்டுக் கல்லூரிகள் நான்காயின. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றி விடலாம். இரண்டு இடத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் பழக எத்தனை நாள் ஆகும்?

தொடக்கக் கல்லூரியில் சீருடை, இரண்டே ஆண்டு, ஓட்டமான படிப்பு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு, சீருடை கிடையாது. நேரத்தைப் பிள்ளைதான் ஆள வேண்டும். சொல்லிச் செய்கிற பிள்ளையா, தானாகச் செய்கிற பிள்ளையா என்று பெற்றவர்களுக்குத் தெரியாதா?

தேர்வு முடிவு வந்ததும் கல்லூரிகள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து விடுகின்றன. மருமகளை அழைத்துக் கொண்டு இரண்டு இடங்களுக்குப் போனேன். பளபளக்கும் கண்காட்சிகளை விட்டு விட்டு, சிற்றுண்டிச்சாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், "பாடம் புரியாவிட்டால் யாரைக் கேட்பீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். ஓரிடத்தில் ஒரு மாணவி, "டியூஷன்" என்று ஒரே சொல்லில் முடித்தாள். இன்னோரிடத்தில் மூன்று பேர் ஒரே குரலில் ஒரு தோழியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தத் தோழியும் பக்கத்திலேயே உட்கார்ந்து பரோட்டா தின்று கொண்டிருந்தாள்.

அன்றிரவு மருமகள் பட்டியலைத் திருத்தி எழுதினாள். முதலிடத்தில் அந்தப் பரோட்டாக் கல்லூரி. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.