மஞ்சள் விளக்கும் நகரவாசியின் வினாவும்

நாற்சந்தியில் நிற்கும் விளக்குக் கம்பம் வாய் திறந்து பேசுவதில்லை. ஆயினும், அவ்வழியே செல்வோர் அனைவரும் அதன் ஆணைக்குக் கட்டுப்பட்டவரே. பச்சை விளக்கு ‘செல்க’ என்கின்றது. செவ்விளக்கு ‘நிற்க’ என்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே தோன்றிச் சில வினாடிகளில் மறையும் மஞ்சள் விளக்கோ, ‘நிற்க இயலுமாயின் நிற்க, இயலாதாயின் கடந்து செல்க’ என்று அறிவிக்கின்றது. அச்சில வினாடிகள் எத்தனை என்பதே ஒருவரைப் பல ஆண்டுகள் உழைக்க வைத்த வினாவாயிற்று.

செவ்விளக்கைப் பொருட்படுத்தாது விரைவோரால் நேரும் விபத்துகள் மிகக் கொடியன. குறுக்கே வரும் வண்டியின் பக்கத்தில் அவர்கள் வண்டி மோதுதலால் உயிரிழப்பும் நேர்கின்றது. இதனைத் தடுக்கும்பொருட்டுப் பல நாடுகளில் நகராட்சியினர் சந்திகளிற் காமிராக்களை அமைத்துள்ளனர். செவ்விளக்கு எரியத் தொடங்கிய பின்னர் ஒரு வண்டி சந்தியுட் புகுமாயின், காமிரா அவ்வண்டியையும் அதன் எண்ணையும் படம் பிடித்துவிடும். பின்னர்த் தண்டச் சீட்டு வீடு தேடி வரும். செல்வர் என்றும் வறியர் என்றும் கருவி வேற்றுமை பாராட்டுவதில்லை. அஃது அதன் சிறப்பு. ஆனால், தனக்குக் குறித்துக் கொடுத்த கால அளவு சரியானதுதானா என்று ஆராயும் ஆற்றலும் அதற்கு இல்லை. அவ்வாராய்ச்சி மக்களுக்கு உரியது.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் ஓரிகன் என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள பீவர்ட்டன் நகரில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர் வாழ்ந்து வந்தார். அவர் சுவீடன் நாட்டிற் பிறந்து, அங்கே மின்பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றவர். 2013 ஆம் ஆண்டில் அவர் மனைவியார் வண்டி ஓட்டிச் சென்றபோது, சந்தியிலிருந்த காமிரா படம் பிடித்தது. தண்டச் சீட்டு வந்தது. பிறரெனின் தண்டத்தைக் கட்டிவிட்டு அதனை மறந்திருப்பர். யார்ல்ஸ்ட்ரோமோ, ‘மஞ்சள் விளக்கு எரியும் காலத்தை எவ்வாறு கணக்கிடுகின்றனர்?’ என்று ஆராயப் புகுந்தார்.

அக்கணக்கிற்கு அடிப்படையாக ஒரு வாய்பாடு உண்டு. அதனை வகுத்தவர் கேசிஸ், ஹெர்மன், மாரடுடின் என்னும் அறிஞர் மூவர். அவர்தம் ஆராய்ச்சிக் கட்டுரை 1960 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாய்பாட்டின் கருத்தை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குவோம். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் கொண்டு உடன் கணக்கிட்டு வருவாராக.

ஒரு வண்டி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அஃதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், சந்தியை நோக்கி வருவதாகக் கொள்வோம். மஞ்சள் விளக்கைக் கண்டு ஓட்டுநர் செயற்பட ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 15 மீட்டர் ஓடிவிடும். பின்னர்த் தடையை அழுத்த, வேகம் ஒவ்வொரு வினாடியும் 3 மீட்டர் வீதம் குறைகின்றது எனின், வண்டி நிற்பதற்கு 5 வினாடி ஆகும். அதற்குள் அது மேலும் 37.5 மீட்டர் செல்லும். ஆகவே, நிற்பதற்கு வேண்டிய தொலைவு 52.5 மீட்டர். அதற்கு அப்பால் இருப்பவர் நின்றுவிடலாம். அதற்கு உட்பட்டு இருப்பவர் நிற்க இயலாது. அவர் கடந்து செல்லவே வேண்டும். வேகம் குறையாமற் செல்லின் 52.5 மீட்டரைக் கடக்க 3.5 வினாடி போதும். எனவே மஞ்சள் விளக்கு 3.5 வினாடி எரிதல் வேண்டும். இதுவே பழைய வாய்பாடு தரும் விடை.

இக்கணக்கில் பிழை யாதும் இல்லை. ஆயினும், இது நேரே செல்லும் வண்டிக்கு மட்டுமே பொருந்துவது. சந்தியில் வலப்புறமோ இடப்புறமோ திரும்பும் வண்டியின் நிலை யாது? வேகம் குறையாமல் திரும்பின் வண்டி கவிழவும் கூடும். ஆதலின், ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அவர் வினாடிக்கு 9 மீட்டர் என்னும் அளவிற்குக் குறைத்துக்கொண்டு திரும்புவதாகக் கருதுவோம். விளக்கைக் காணும் முதல் வினாடியில் 15 மீட்டர், வேகத்தைக் குறைக்கும் அடுத்த 2 வினாடிகளில் 24 மீட்டர், எஞ்சிய 13.5 மீட்டரைக் குறைந்த வேகத்தில் கடக்க 1.5 வினாடி. ஆக மொத்தம் 4.5 வினாடி ஆகின்றது. விளக்கோ 3.5 வினாடியிற் சிவந்துவிடும். அவ்வொரு வினாடி இடைவெளியில், விதி வழுவாது கவனத்துடன் ஓட்டியவரும் காமிராவின் முன்னர்க் குற்றவாளி ஆகின்றார்.

இக்குறையைக் கண்டறிந்த யார்ல்ஸ்ட்ரோம், திரும்பும் வண்டிகளுக்கும் பொருந்துமாறு வாய்பாட்டை விரித்து அமைத்தார். நகராட்சியினரிடம் தம் கருத்தை எடுத்துரைத்தார். முதல் வாய்பாட்டை வகுத்த மூவருள் ஒருவராகிய மாரடுடினுக்கும் எழுதினார். அவ்வறிஞர் சினம் கொள்ளவில்லை. தம் வாய்பாடு திரும்பும் வண்டிகளைக் கருதி வகுக்கப்பட்டதன்று என்பதை ஒப்புக்கொண்டார். கற்றோர்க்கு அழகு இஃதன்றோ?

2014 ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் பொறியியலார் வாரியத்திற்கும் யார்ல்ஸ்ட்ரோம் எழுதினார். அங்கிருந்து வந்த மறுமொழியோ வியப்பிற்குரியது. விளக்குகளைப் பற்றிய ஆராய்ச்சி தம் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று எனக் கூறிய வாரியத்தார், அவரையே ஆராயத் தொடங்கினர். உரிமம் பெறாத அவர் தம்மைப் பொறியியலார் என்று குறிப்பிட்டதும், பொறியியற் கருத்தை வெளியிட்டதும் சட்டத்திற்கு மாறானவை என்று முடிவு செய்து, 500 டாலர் தண்டம் விதித்தனர். கணக்குச் சரியா, தவறா என்னும் வினா அவ்வாறே கிடந்தது. கணக்கிட்டவர் யார் என்னும் வினாவே முன்னின்றது.

உரிமம் என்பது வீண் சடங்கு அன்று. பாலம் கட்டுவோரும் மாளிகை எழுப்புவோரும் தேர்ச்சி பெற்றவராதல் பொதுமக்கள் பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. ஆனால், பாலம் கட்டுதல் வேறு. கட்டிய பாலத்தில் விரிசல் உள்ளது என்று கூறுதல் வேறு. முன்னதற்கு உரிமம் வேண்டும். பின்னதற்குக் கண்ணும் கருத்தும் போதும்.

இவ்வேறுபாட்டை நிலைநாட்ட யார்ல்ஸ்ட்ரோம் 2017 ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காப்பது. அவ்வுரிமையைத் தாங்கள் மீறியதை அவ்வாண்டின் இறுதியிலேயே அரசுத் தரப்பினர் ஒப்புக்கொண்டனர். தண்டத் தொகையும் திருப்பித் தரப்பட்டது. 2018 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்த தீர்ப்பு, போக்குவரத்து விளக்குகளைப் பற்றி எழுதவும் பேசவும், தம்மைப் பொறியியலார் என்று கூறிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு என்று உறுதி செய்தது.

வழக்கு வென்றது; கணக்கு என்னாயிற்று? 2020 ஆம் ஆண்டில் போக்குவரத்துப் பொறியியலார் நிறுவனம் என்னும் அமைப்பு, மஞ்சள் விளக்கின் கால அளவு பற்றிய புதிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. திரும்பும் வண்டிகளுக்கென யார்ல்ஸ்ட்ரோம் விரித்தமைத்த வாய்பாடு அந்நூலில் இடம்பெற்றது. ஒரு தண்டச் சீட்டில் தோன்றிய வினா, ஏழாண்டுகளுக்குப் பின் துறையறிஞரின் நூலில் விடையாக நின்றது.

மாணவர்களே! இவ்வரலாற்றைக் கேட்டு, விதிகளை மதியாதிருத்தல் வீரம் என்று எண்ணிவிடாதீர்கள். செவ்விளக்கிற்கு நில்லாதவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைப்பவர் ஆவர். யார்ல்ஸ்ட்ரோம் விளக்கை உடைக்கவில்லை. விதியை மீறுமாறு எவரையும் தூண்டவில்லை. அளந்தார், கணக்கிட்டார், உரியவரிடம் வினவினார், விடை கிடைக்காதபோது நீதியை நாடினார். நாளை நீவிர் ஊராட்சி மன்றத்தின் முன் வினவும் நிலையில் இருக்கலாம். அம்மன்றத்தில் அமர்ந்து விடையளிக்கும் நிலையிலும் இருக்கலாம். வினவுவீராயின் அளந்தறிந்து வினவுங்கள். விடையளிப்பீராயின், வினவியவர் யார் என்று பாராது, வினவிய பொருள் யாது என்று பாருங்கள்.