நெடுஞ்சாலையில் ஓர் இறைமகன்
தளிப் பகுதி லாரி ஓட்டுநரும் திருச்சபையின் மேய்ப்புப் பணியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது தளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. அதன் குளிர்ந்த தட்பவெப்பத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதனைச் 'சின்ன இங்கிலாந்து' என அழைத்தனர் என்பர். இன்று அவ்வட்டாரத்திலிருந்து ரோஜாவும் முட்டைக்கோசும் தக்காளியும் கருங்கல்லும் லாரிகளில் ஏறி நாற்றிசையும் செல்கின்றன. அருகிலுள்ள ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது; 1980-இல் அங்கே அசோக் லேலண்ட் ஆலை எழுந்தது. லாரி செய்யும் ஊரும் லாரி ஓட்டும் ஊரும் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது.

கிருஷ்ணகிரியோ சாலைகளின் சந்திப்பு. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து தில்லி செல்லும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் அங்கே கூடுகின்றன. 1895-இல் மிசௌரி லுத்தரன் அருட்பணியாளர் தமிழகத்தில் தம் பணியைத் தொடங்கியதும் இக்கிருஷ்ணகிரியிலேயே என்பது நினைக்கத்தக்கது. நற்செய்தி சாலை வழியே வந்த இப்பகுதியில், சாலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம் இளைஞரைத் திருச்சபை எவ்வாறு மேய்க்கிறது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அவருடைய நாள்

ஓட்டுநர் பலருக்குப் பொதுவானவற்றைத் தொகுத்து, ஓர் இளைஞரை நம் கண்முன் நிறுத்திக்கொள்வோம். கிளீனராக ஏறித் தொழில் பழகியவர். இருபது வயது நிறைந்தபின் உரிமம் பெற்றவர். அவருக்கு மணிக்கணக்கில் கூலி இல்லை. நடைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. வழிச்செலவுக்குப் பேட்டா உண்டு. மாலையில் லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, இரவெல்லாம் ஓட்டி, விடியுமுன் சந்தையில் இறக்கியாக வேண்டும். பூவும் காய்கறியும் காத்திரா. இறக்கிய பின் திரும்பு லோடுக்காகக் காத்திருக்கும் பொழுதே அவருடைய உறக்கம். வண்டியின் இருக்கையே கட்டில்.

அவருடைய தனிமையில் சிந்தனைக்குக் குறைவில்லை. ஜவளகிரிக் காட்டு வழியில் யானைகள் கடக்கும்வரை விளக்கை அணைத்து நிற்கும் ஓட்டுநர், சங்கீதக்காரனைப்போலவே தம் சிறுமையை உணர்கிறார். அத்தகையோர் நம்மிடம் எழுப்பும் வினாக்கள் மூன்று. அவை எளியவைபோல் தோன்றினும் இறையியலின் நடுவிடத்தைத் தொடுவன.

2. "ஞாயிறு ஆராதனைக்கு வராதது பாவமா?"

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணியும் வாரத்துக்கு 48 மணியும் வேலைநேரம் என வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில் 10 மணியும் 54 மணியும் வரை இடமளித்தது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வும் அதில் விதிக்கப்பட்டிருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அதனைத் தன்னுள் அடக்கிற்று. ஆயினும் நடைக்கூலி வாங்குவோருக்கு ஓய்வு என்பது கூலியிழப்பு. ஆகையால் ஓய்வு ஏட்டிலேயே நின்றுவிடுகிறது. 1.7.2017 அன்று சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் எல்லை வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஜூஜூவாடியில் காத்துக்கிடந்த நேரம் குறைந்தது. மிஞ்சிய நேரம் ஓட்டுநரின் உறக்கத்திற்குச் சென்றதா, அடுத்த நடைக்குச் சென்றதா என நம் சபையாரையே கேட்டறிவது நன்று.

ஓய்வுநாள் கட்டளை இரு வடிவில் நமக்குக் கிடைத்துள்ளது. யாத்திராகமம் அதனைப் படைப்பின்மேல் நிறுத்துகிறது. உபாகமமோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைப்பூட்டி, வேலைக்காரனும் இளைப்பாறவேண்டும் எனக் காரணம் காட்டுகிறது. ஓய்வு என்பது, அதனைக் கேட்டுப்பெற இயலாதவனுக்காகக் கடவுள் கேட்டுக்கொடுத்த உரிமை. எனவே இக்கட்டளை முதலில் குற்றஞ்சாட்டுவது ஓட்டுநரை அன்று, ஓய்வு கொடாதவர்களையே. லாரி உடைமையாளரும், சந்தைத் தரகரும், திங்கட்கிழமைக் காலையில் புதுக் காய்கறி நாடும் நாமும் அவருள் அடங்குவோம். 'ஏன் வரவில்லை?' என்று அவரைக் கேட்கும் ஆயர், 'உம்மை வரவிடாதவர் யார்?' என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்.

3. "விபத்து நேர்ந்தால் நிற்பதா, ஓடுவதா?"

இது வெறும் கற்பனை வினா அன்று. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாய் உள்ளது. டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் கியரை நீக்கி ஓட்டுவதும், அதனால் பிரேக் சூடேறிச் செயலிழப்பதும் அங்கு நிகழும் விபத்துகளுக்கு முக்கிய காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஒரு சில லிட்டர் டீசலுக்கும் ஓர் உயிருக்குமிடையே அந்த இறக்கம் நீண்டு கிடக்கிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி பெற்றுத்தரும் கடமையை ஓட்டுநர்மீது சுமத்துகிறது. கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாமற்போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒத்துக்கொள்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 134-அ பிரிவு, உதவ முன்வருவோர்க்குப் பாதுகாப்பளித்து, அவர்களை 'நல்ல சமாரியன்' என்றே பெயரிடுகிறது. நம் ஆண்டவரின் உவமை நாட்டின் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றது சிந்திக்கத்தக்கது. மறுபுறம், விபத்தை அறிவிக்காமல் ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை விதித்த பாரதிய நியாயச் சட்டத்தின் 106(2) உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர் வேலைநிறுத்தம் செய்தனர், 1.7.2024 அன்று அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவ்வுட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆயின் சமாரியனின் உவமை, அறியாமல் காயப்படுத்தினவனைப் பற்றிப் பேசவில்லை. அவனைப் பற்றிப் பேசுவது உபாகமம் 19-ஆம் அதிகாரம். மரம் வெட்டுகையில் கோடரி காம்பைவிட்டுக் கழன்று அயலான்மேல் பட்டு அவன் இறந்தால், வெட்டினவன் அடைக்கலப் பட்டணத்திற்கு ஓடிப்போகலாம். அதற்கு வழியும் ஆயத்தம் செய்யப்படவேண்டும். கழன்ற கோடரியும் செயலிழந்த பிரேக்கும் ஒன்றுக்கொன்று எத்துணை நெருக்கம்! அடைக்கலப் பட்டணம் நியாயத்திலிருந்து தப்பும் இடம் அன்று. எண்ணாகமம் 35-இன்படி, சபையார் முன் நின்று நியாயம் கேட்கப்படுமளவும் உயிரைக் காக்கும் இடம். ஆகவே அந்த இளைஞருக்கு நம் விடை இதுவே: காயமுற்றவரைவிட்டு ஓடுதல் ஆகாது, நிற்க முடியாதபடி உயிருக்கே ஆபத்தாயின், ஒளிந்துகொள்ளாமல் நேரே காவல் நிலையத்திற்கு ஓடவேண்டும். அவர் தனியே ஓடாதபடி உடன் செல்பவர் இருத்தல் திருச்சபையின் பங்கு.

4. "ஆயுதபூசையன்று நான் என்ன செய்வது?"

உடைமையாளர் இந்து; வண்டிக்குப் பொட்டிட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கிறார்; அதன்மேல் வண்டியை நகர்த்தவேண்டியவர் நம் இளைஞர். இங்கே நாம் நாகமானை நினைக்கிறோம். தன் ஆண்டவன் தன் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனியநேரிடுமே என அவன் கலங்கினான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, சமாதானத்தோடே அனுப்பிவைத்தான். பிறருடைய வேலையில் இருப்பவனின் கட்டுண்ட நிலையைத் தீர்க்கதரிசி கண்டான். எனினும் நாகமான் தன் கலக்கத்தை மறைக்காமல் சொன்னான் என்பதும் குறிக்கத்தக்கது. வழிபாட்டில் தாம் பங்குகொள்ள இயலாமையை மரியாதையோடு உடைமையாளரிடம் சொல்லி, வண்டியை நகர்த்தும் தொழிற்கடமையைச் செய்பவரை நாம் குற்றவாளியாக்குதல் தகாது. அவருடைய மனச்சான்றைக் காப்பதே ஆயரின் வேலை.

5. சபை செய்யத்தக்கவை

எத்தியோப்பிய மந்திரி எருசலேமிலிருந்து திரும்புகையில், பிலிப்பு அவனை ஆலயத்திற்குத் திருப்பி அழைக்கவில்லை. இரதத்தோடு ஓடி, ஏறி, உடன் உட்கார்ந்தான் என அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரம் காட்டுகிறது. இதுவே நமக்கு முறைமை.

லோடு ஏறும் மாலை வேளையில் அரைமணி நேரச் செபம் நடத்தலாம். ஞாயிறு வர இயலாதோர்க்கு அவர்கள் ஊர் திரும்பும் நாளில் திருவிருந்து வழங்கலாம். வருகைப் பதிவைக்கொண்டு அவர்கள் பெயரைச் சபை ஏட்டிலிருந்து நீக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். நெடுஞ்சாலையோரச் சபைகள் தம் குருமனையின் தொலைபேசி எண்ணை ஓட்டுநர்க்கு அளித்து, விபத்து நேர்ந்த இரவில் காவல் நிலையம்வரை உடன்செல்ல இருவரை ஆயத்தமாக வைக்கலாம். சபையில் லாரி உடைமையாளர் இருப்பின், அவரிடம் ஓய்வுநாளைப் பற்றித் தனியே பேசவேண்டும். இது எல்லாவற்றிலும் கடினமானது.

இறையியல் மாணவர் ஒரு முறையேனும் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து ஓர் இரவு நடை சென்றுவருவாராக. அடைக்கலப் பட்டணத்திற்குச் செல்லும் வழிகளை ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதை அவர் அந்த இருக்கையில் கற்பார்.