சுவரில் எழுந்தருளிய தெய்வங்கள்

லக்ஷ்மி என்றதும் நேயர்களின் மனக்கண்முன் எழுகின்ற உருவம் எது? தாமரையின்மேல் நின்று, கரையிட்ட புடவை தழையத் தழைய உடுத்தி, நான்கு திருக்கரங்களுடன் நம்மை நேரே நோக்கும் வடிவமன்றோ? சரஸ்வதியை எழுதச் சொன்னால், நம் வகுப்புப் பிள்ளைகள் வீணைக்கருகில் ஒரு மயிலையும் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். அந்தப் புடவையும் இந்த மயிலும் கர்ப்பக்கிருகத்திலிருந்து வந்தவையல்ல. கல்லச்சு யந்திரத்திலிருந்து வந்தவை.

1848இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, ராஜாக்களின் மாளிகைகளுக்குச் சித்திரம் எழுதிப் பெயர் பெற்றவர். அச்சித்திரங்களைப் பிரதி செய்து பரப்பலாமே என்று அவருக்கு யோசனை கூறியவர் திவான் ஸர் டி. மாதவராவ். 1894இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் ஏற்பட்டது. யந்திரமும் நிபுணர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பார்கள். மை கோட்டிலே மட்டும் பற்றும், ஈரத்தில் பற்றாது. வர்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். எல்லாக் கற்களும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் தேவியின் முகம் தேவியின் முகமாக இருக்கும்! பின்னர் லோனாவ்லாவை அடுத்த மளவலிக்கு மாறிய அந்த அச்சுக்கூடம், கடன் மிகுந்து, ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு விலையாகப் போயிற்று.

ஜெர்மானியருக்கு இத்தொழில் புதிதன்று. கல்லச்சைக் கண்டுபிடித்த ஸெனெஃபெல்டர் அந்நாட்டவரே. அதற்கும் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட புனிதர் படங்கள் அங்கே ஏழைகளின் வீடு புகுந்துவிட்டன. 1423ஆம் வருஷமிட்ட புனித கிறிஸ்டோபர் படம் ஒன்றுண்டு; அதைப் பார்த்தவருக்கு அன்று துர்மரணம் இல்லை என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது. நூரம்பர்க் நகரத்து டூரர் 1498இல் விவிலியத்தின் கடைசி ஆகமத்தைப் படங்களாக வெளியிட்டார். அவருடைய மனைவி ஆக்னஸ் சந்தைகளில் அவர் படங்களை விற்று வந்தாள்.

ரவிவர்மாவின் படங்களால் நம் சிற்ப மரபு கெட்டது, தெய்வங்களுக்கெல்லாம் நாடக மேடையின் சாயல் வந்துவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. கலையளவில் அது பெரிதும் மெய்யே. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிக்கு முன் அப்படங்களை வைக்க நமக்கும் மனம் வராது. ஆனால் அத்திருமேனியைக் காண எத்தனை பேருக்கு அனுமதி இருந்தது? எங்கள் திருப்பத்தூரைச் சுற்றி, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும், தோலைப் பதனிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். தோலைத் தொடுகிறவர்கள் என்று கோயில் வாசலிலே நிறுத்தப்பட்டவர்களுக்கு, காகிதத்திலே வந்த முருகன் குலம் கேட்கவில்லை. அவன் குடிசைச் சுவரிலே எழுந்தருளினான். அங்கே சூடம் கொளுத்தப் பூசாரியின் உத்தரவு வேண்டியதில்லை.

இந்தப் படத்தொழில் பின்னர் வேரூன்றிய ஊர் சிவகாசி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் நுழைய நாடார்கள் உரிமை கோரியதால் 1899இல் பெருங்கலகம் மூண்ட ஊர் அது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. 1939இல் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடர்களை அழைத்துச் சென்றபோது, உடன் நாடார் ஒருவரும் சென்றார். இதற்கிடையில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கியிருந்தனர். பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அச்சு வந்தபின் காலண்டர் வந்தது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஊரிலிருந்தே தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சாமி படங்கள் புறப்பட்டன!

அவற்றுள் பலவற்றை எழுதியவர் கோவில்பட்டியில் தங்கிய கொண்டையராஜு. இளமையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். 1976இல் அவர் காலமான பின்னும் சீடர்கள் அந்த வழியிலே எழுதி வந்தனர். சிவகாசி அச்சகங்களிலே முருகன் காலண்டரும், வேளாங்கண்ணி மாதா காலண்டரும், மக்காவின் காட்சி தாங்கிய காலண்டரும் அச்சாகின்றன.