வானங்களிலும் உயிரினங்கள் உண்டா?

மாகறலில் பட்டு நெய்யும் குடும்பத்து வாலிபர் ஒருவர், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் தம் தகப்பனாருடன் என்னிடம் வந்தமர்ந்தார். "ஹஜ்ரத், வேற்றுக் கோளங்களில் அறிவுள்ள படைப்புகள் இருக்கலாம் என்று எண்ணினால் ஈமானுக்குப் பழுது வருமா?" என்று வினவினார். பெரியவர் ஒருவர், அவ்வாறு பேசுவதே பாவமென்று அதட்டிவிட்டாராம். வினவியவரை அதட்டுவது நம் இமாம்களின் வழியன்று.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரீன் பாங்க் என்னுமிடத்தில் பிராங்க் டிரேக் என்பார், ரேடியோத் தொலைநோக்கியை இரு விண்மீன்களின்பால் திருப்பி, அறிவுடையோர் அனுப்பிய அலைகள் வருகின்றனவா என்று செவிமடுத்தார். ஒன்றும் கிட்டவில்லை. 1967-இல் கேம்பிரிட்ஜ் மாணவி ஜோஸ்லின் பெல், சுமார் 1.34 விநாடிக்கொருமுறை பிசகாது துடிக்கும் அலையொன்றைக் கண்டார். வேற்றுலகத்தார் வேலையோ என்ற ஐயம் எழுந்தது. வானின் பிறிதொரு திசையிலும் அத்தகையதே தென்பட்டதும், அவை துடிக்கும் விண்மீன்களென்று தெளிவாயிற்று.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் 72 விநாடிகள் ஒரு வலுத்த அலை பதிவாயிற்று. அக்கருவிக்குச் செவிகள் இரண்டு. ஒன்றில் கேட்டது, சில நிமிடங்களில் அதே திசையை நோக்கிய மற்றதில் கேட்கவில்லை. பின்னர் தேடியும் அகப்படவில்லை. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. துணைச் சான்றில்லாத தனி அறிவிப்பை நம் முன்னோர் எவ்வளவு தயக்கத்துடன் கையாண்டனர்! அவ்விஞ்ஞானிகளும் அவ்வாறே தீர்ப்புக் கூறாது நின்றனர். இன்றுவரை உறுதியான செய்தி ஏதுமில்லை.

விண்ணின் அலைகளைச் செவிமடுக்கும் பெருங்கருவி நம் உதகையிலேயே உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் நிறைவுற்ற அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அதன் பணி தொலைதூர அண்டங்களையும் துடிக்கும் விண்மீன்களையும் ஆராய்வது. மலைச்சரிவில், தறியில் பாவு இழுத்தாற்போல் 1,100 எஃகுக் கம்பிகள் அதில் ஓடுகின்றன.

இனி மார்க்கம் கூறுவது யாது? வானங்களிலும் பூமியிலும் உயிரினங்களைப் பரப்பியிருப்பதைத் தன் அத்தாட்சியாக அல்லாஹ் 'அஷ்ஷூரா' அத்தியாயத்தின் 29-ஆம் ஆயத்தில் குறிப்பிடுகின்றான். வானத்து உயிரினம் என்பதில் மலக்குகளையும் அடக்குவோர் உண்டு. ஆதலின் இதைக் காட்டி, 'விஞ்ஞானிகள் தேடுவதை நாம் முன்பே கண்டோம்' என்று மார்தட்டுவதும் எனக்கு உடன்பாடன்று. எண்ணற்ற உலகங்களைப் படைக்க அல்லாஹ் வல்லவன் என்று இமாம் பக்ருத்தீன் ராஜி தம் தப்ஸீரில் வாதிட்டுள்ளார். அவர் மறைந்தது 1209-இல்.

"அப்படியானால் மனிதனுக்குரிய மேன்மை குறையாதா?" என்றார் வாலிபர். 'பனீ இஸ்ராயீல்' அத்தியாயத்தின் 70-ஆம் ஆயத்தை ஓதிக் காட்டினேன். ஆதமின் மக்களைப் படைப்புகளில் 'பலவற்றைவிட' மேன்மையாக்கியதாகவே அங்கு வருகிறது. 'அனைத்தையும்விட' என்ற சொல் அங்கில்லை. அவர்களுக்குத் தூதர் யார் என்ற வினாவும் எழுந்தது. நபிமார் சிலருடைய வரலாறு கூறப்பட்டது, சிலருடையது கூறப்படவில்லை என்று இறைவனே அறிவித்துள்ளான். கூறப்படாததைப் பற்றிக் கற்பனை செய்ய நமக்கு உரிமையில்லை.

வாலிபரின் முகம் தெளிந்தது. "உதகைக்குச் சென்று அக்கம்பிகளைப் பார்த்து வரட்டுமா?" என்றார். நான் விடை கூறுமுன் தகப்பனார் முந்திக்கொண்டார்: "போய் வா. இழை அறுந்தால் அங்கே எப்படிப் பிணைக்கிறார்கள் என்று கேட்டு வா."