பிள்ளையின் படிப்புக்குக் கடைப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?



சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்ததும், ஐயம்பேட்டையில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய மகன் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படிக்கிறான். மும்பையில் முதலீட்டு வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கென்றே பாடம் நடத்துவதாகச் சொல்லும் ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் கேட்கிறதாம்.

"கடைப் பத்திரத்தை பாங்கில வெச்சிடலாம்னு இருக்கேன் அண்ணே. சரியா வருமா?" என்றார்.

இந்தக் கேள்வி பல கடைகளில் எழுந்திருக்கும். ஆகவே அவரிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அது என்ன வேலை?

நம் ஊர் வங்கி டெபாசிட் வாங்கும், கடன் கொடுக்கும். முதலீட்டு வங்கியின் தொழில் வேறு. ஒரு கம்பெனி பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டும்போதும், ஒரு கம்பெனியை மற்றொன்று விலைக்கு வாங்கும்போதும், இது நடுவில் நின்று விலை மதிப்பிட்டு, பேரம் பேசி முடித்துக் கமிஷன் பெறும். வெளியிட்ட பங்கு விற்காமல் நின்றால் மீதியைத் தானே எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொள்வதும் உண்டு. மண்டித் தரகு தெரிந்த நமக்கு இது புரியாத தொழிலல்ல. சரக்கு இருக்கும் இடத்தில் கம்பெனியை வைத்துப் பாருங்கள்.

சம்பளம் பெரிது. ஆனால் இடங்கள் குறைவு. இரவு பகல் பாராத உழைப்பு. இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தேடுகிறார்கள். ஒன்று, ஆமதாபாத், கல்கத்தா, பெங்களூர் போன்ற முதல் வரிசை ஐ.ஐ.எம்.கள். மற்றொன்று, நல்ல மதிப்பெண்ணோடு தேறிய சி.ஏ.க்கள். தில்லியின் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்ற ஒரு சில கல்லூரிகளிலிருந்து பட்டம் முடித்த கையோடு எடுப்பதும் உண்டு. மற்றபடி, முதல் பட்டம் வாங்கிய கல்லூரியின் கட்டணம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

வட்டிக் கணக்கு

பன்னிரண்டு லட்சத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,44,000 ரூபாய், மாதம் 12,000. முதல் அப்படியே நிற்கும். பட்டம் வாங்கிய பிறகு பையன் ஐ.ஐ.எம். போக வேண்டுமென்றால் இன்னும் பெரிய தொகை வேண்டும். அப்போது அடகு வைக்கப் பத்திரம் இருக்காது. முதல் படியிலேயே முழு முதலையும் இறக்குவது எந்த வியாபாரத்திலும் நாம் செய்வதல்ல.

அரசு உதவி பெறும் இடம்

காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி 1947ல் தொடங்கியது. வணிகராகவும் துபாஷாகவும் இருந்து 1794ல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளையைச் சேர்ந்தது. ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரலாம். விடுதிச் செலவு மிச்சம். பெண்களுக்குத் தனிக் கல்லூரியும் காஞ்சியில் உண்டு. சென்னை என்றால் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா ஆகியவை பெயர் பெற்றவை.

இங்கே ஒரு நுணுக்கம். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் இரண்டு வகை இடங்கள் உள்ளன: உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு. கட்டணத்தில் வித்தியாசம் மிக அதிகம். சாதாரண பி.காம். பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில் இருக்கும். நீளமான பெயர் வைத்த புதிய படிப்புகள் பெரும்பாலும் சுயநிதியில் இருக்கும். பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் வாங்கும்போதே எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளையானால் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் முயலலாம். 2022 முதல் அங்கே சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு மூலம் நடக்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கல்விக் கட்டணம் தனியார் பல்கலைக்கழகங்களைவிட மிகக் குறைவு. தங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கூடவே சி.ஏ.

பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. முதல் நிலையும் இடைநிலையும் எழுதலாம். 2023ல் வந்த புதிய திட்டத்தின்படி ஆடிட்டரிடம் பெறும் பயிற்சி மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகையும் உண்டு. பயிற்சியைச் சென்னையில், கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் பெரிய அலுவலகத்தில் பெறுவது நல்லது. நிதித்துறைக்கு அந்த அனுபவம்தான் உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள். தேறுவோர் விகிதம் குறைவு. பலருக்கு வருடங்கள் நீளும். ஆகவே பட்டத்தைக் கைவிடக் கூடாது. தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் வருடத்திலிருந்தே ஆங்கிலத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

பெரிய செலவு எப்போது?

ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் 50 சதவீதம் போதும். பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டும். ஆனால் அங்கே இடம் கிடைத்த மாணவருக்குச் சொத்து ஈடு கேட்காமலே வங்கிகள் கடன் தருகின்றன. 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த வித்யாலட்சுமி திட்டமும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு ஈடில்லாக் கடன் தருவதே. பன்னிரண்டு லட்சத்துக்குப் பத்திரம் கேட்கும் வங்கி, இருபது லட்சத்துக்குக் கேட்பதில்லை. காரணம், கடன் திரும்பும் என்ற நம்பிக்கை. வங்கியே நம்பாத படிப்பில் நாம் கடையை வைப்பானேன்?

ஒரு முன்னோடி

நா. வாகுல் சென்னை லயோலாவில் வணிகவியல் படித்து, ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்தவர். 1981ல், 44 வயதில், பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானார். 1985ல் ஐ.சி.ஐ.சி.ஐ. பொறுப்புக்கு வந்தார். கம்பெனிகளின் கடன் நாணயத்தை மதிப்பிடும் கிரிசில் நிறுவனம் 1987ல் உருவாகக் காரணமானவர். 2024 மே மாதம் மறைந்தார். காலம் மாறிவிட்டது, போட்டி கூடிவிட்டது. ஆனாலும் பொதுத்துறை வங்கியின் அதிகாரித் தேர்வு இன்றும் எந்தப் பட்டதாரிக்கும் திறந்தே இருக்கிறது. பெரிய இடம் கிடைக்காவிட்டாலும் கௌரவமான வாழ்வு அதில் உண்டு.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

1. பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா?

2. சென்ற வருடம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தக் கம்பெனியில், என்ன வேலை?

3. அதிகபட்சச் சம்பளம் வேண்டாம். நடுவில் நிற்பவனின் சம்பளம் என்ன? மத்திய அரசின் தேசியத் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் இது இருக்கும்.

4. பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்? எழுத்தில் தருவார்களா?

துவரம் பருப்பு ஒரு மூட்டை எடுக்க நாலு மண்டியில் மாதிரி பார்க்கிறோம். படிப்புக்கும் அதே நிதானம் வேண்டும்.

நம் உறுப்பினர் இந்த நான்கு கேள்விகளையும் எழுதி எடுத்துக்கொண்டு மகனோடு அந்த நிறுவனத்துக்குப் போனார். இரண்டாவது கேள்விக்கே அவர்களிடம் பதில் இல்லை. பையனுக்கு வருத்தம்தான். இப்போது மாலையில் கடையில் அமர்ந்து ஜி.எஸ்.டி. கணக்கை அவனே எழுதுகிறான்; சி.ஏ. முதல் நிலைக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறான். பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது.